உப்பு, சர்க்கரை, உயிர் – அத்தியாயம் 7: நூலக அறையில் ஒரு மருந்துச் சாலை

1971 ஜூன் மாதக் கடைசி. கிழக்கு வங்கத்தில் மூண்ட போருக்குத் தப்பி, எல்லை தாண்டி லட்சக்கணக்கானோர் மேற்கு வங்கத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள். எல்லையோர ஊரான போங்காவின் மருத்துவமனையில் வாந்திபேதிக்கு ஒதுக்கியவை இரண்டே அறைகள், 16 கட்டில்கள். இடம் கிடைக்காதவர்கள் தரையில், தங்கள் கழிவிலேயே கிடந்தார்கள். அவர்களுக்கு சலைன் ஏற்ற வேண்டுமானால் அந்தக் கழிவில்தான் முழங்கால் போட வேண்டும். கல்கத்தாவிலிருந்து வந்த டாக்டர் திலீப் மகலனாபிஸ் அப்படித்தான் போட்டார். 36 வயதுக் குழந்தை மருத்துவர்.

காலரா ஆளைக் கொல்லும் விதத்தை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். அசுத்தத் தண்ணீரோடு உள்ளே போகும் கிருமி குடலிலேயே தங்கி நஞ்சைக் கக்குகிறது. உடம்பிலுள்ள நீரும் உப்பும் பேதியாக வெளியேறுகின்றன. இழந்ததை உடனுக்குடன் ஈடுகட்டினால் பெரும்பாலும் ஆள் பிழைத்துவிடுவார். டெட்ராசைக்ளின் போன்ற மருந்துகள் பேதியைச் சீக்கிரம் நிறுத்த உதவும். ஆனால் உயிரைப் பிடித்து வைப்பது தண்ணீரும் உப்பும்தான்.

அந்தத் தண்ணீரும் உப்பும் சலைன் பாட்டிலில் இருந்தன. பாட்டில்களோ தீர்ந்துகொண்டிருந்தன. நரம்பு கண்டுபிடித்து ஊசி ஏற்றத் தெரிந்தவர்களும் ஓரிருவரே. வந்த 48 மணி நேரத்துக்குள் மகலனாபிஸுக்குப் புரிந்துவிட்டது: தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

வேறு வழி இருந்தது. மூன்றாண்டுகளுக்கு முன் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் அதைக் காட்டியிருந்தார்கள். குளுக்கோஸோடு சேர்த்துக் கொடுத்தால், காலரா கண்ட குடலும் உப்பை உறிஞ்சும். உப்பின் பின்னால் தண்ணீரும் போகும். ஆனால் அது வார்டில், மருத்துவர் கண்ணெதிரே, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்து பார்த்துச் செய்த சோதனை. முகாமில் அளப்பதற்கு யார் இருக்கிறார்கள்?

அவர் துணிந்தார். கல்கத்தாவில் அவர் வேலை பார்த்த ஆய்வு மையத்தின் நூலக அறை மருந்துச் சாலையாக மாறியது. லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா என்று நிறுத்து, பாலிதீன் பையில் போட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டினார்கள். போங்காவில் அந்தப் பொடியைக் குழாய் வைத்த பெரிய டிரம்களில் கரைத்தார்கள். மிச்சமிருந்த சலைன், குடிக்கக்கூட முடியாமல் துவண்டவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு டம்ளர்.

அந்த டம்ளரை அவர் கொடுத்தது நர்ஸிடம் அல்ல. அம்மாவிடம், அண்ணனிடம், கூட வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம். தாகம் அடங்கும்வரை ஊட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார். இந்த வரலாற்றில் ஆகப் பெரிய துணிச்சல் இதுதான் என்பேன். சூத்திரத்தைக் கண்டுபிடித்தவர்கள் பலர். படிக்காத கைகளை நம்பி அதை ஒப்படைத்தவர் இவர்.

நம்பிக்கை பொய்த்திருந்தால்? உப்பு கூடிப்போனால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. மருத்துவ உலகமும் மன்னித்திருக்காது. எல்லைப்புற முகாம்களில் காலரா கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த நேரம் அது. டிரம்கள் வந்தபின், போங்காவின் பதிவேட்டில் அந்த 30 என்னவாக மாறியது? அதை மற்ற மருத்துவர்கள் நம்பினார்களா?

அடுத்த வாரம் அந்தப் பதிவேட்டைப் பிரிப்போம்.

(தொடரும்)