வாவியின் பல குரலும் அளவைக் கருவியும்

பல பொருள்களை ஒரு கருவியால் அளத்தல் எளிது. பிழையற அளத்தல் அரிது. ஒன்றன் சுவடு மற்றொன்றன் அளவிற் படிந்துவிடுதலே இவ்வருமைக்குக் காரணமாகும். மட்டக்களப்பு வாவியைச் செவியாலும் கருவியாலும் அறிய முற்பட்டோர் வரலாறு இதனை நன்கு புலப்படுத்தும்.

இலங்கை அரசின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் மட்டக்களப்பிற்கு வந்து, நிலவெழுந்த பின்னர்த் தோணியிற் சென்று, பாடும் மீனின் இசையெனப் புகழ்பெற்ற ஒலியைக் கேட்டார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லொலியை அஃது ஒத்தது என்றும், ஒரே நீண்ட ஒலியாகாது தனித்தனி தெளிவுற்ற சிற்றொலிகள் பலவற்றின் கூட்டமாயிருந்தது என்றும், தோணிப் பலகையிற் காதைப் பொருத்தியபோது ஒலி மிகுந்தது என்றும் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அவர் குறித்துள்ளார். அளத்தற் கலையின் இரு வினாக்கள் இக்குறிப்பில் அடங்கியுள்ளன. அளக்கப்படும் பொருளுக்கும் அளக்கும் கருவிக்கும் உள்ள தொடர்பு எத்தகையது? ஒருங்கே வரும் பலவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்?

காரைதீவில் 1892இற் பிறந்த சுவாமி விபுலானந்தர் தமிழ்ப் புலமையோடு விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். வாவியின் இன்னொலி அவருள்ளத்தில் நீரர மகளிரின் இசையாக மலர்ந்தது. எனினும் அவர் கற்பனையளவில் நின்றாரல்லர். 1947இல் வெளிவந்த 'யாழ் நூலில்' பண்டை யாழின் சுருதிகளை எண் விகிதங்களாகக் கணித்துக் காட்டினார். இடையறாது மாறும் இயற்கைப் பொருளை எண்ணாக்கி ஆராயும் நெறி இதுவாகும்.

எண்ணாக்குதல் ஒரு பாதி. ஒரு வழியைப் பலவற்றிற்குப் பங்கிடுதல் மறு பாதி. பிரான்சு நாட்டு எமில் போடோ 1874இல் உரிமம் பெற்ற தந்திமுறையிற் சுழலும் பகிர்வான் ஒன்றை அமைத்தார். ஒரே கம்பி ஒவ்வொருவர்க்கும் முறையே சிறுபொழுது கிடைத்தது. பலர் செய்தி ஒரு கம்பியிற் சென்றது.

இவ்விரு பாதிகளும் இன்று நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு சில்லினுள் ஒன்றியுள்ளன. மாணவர் பலர் பயிலும் ஆடுயினோ ஊனோ பலகையில் ஆறு அனலொக் உள்ளீடுகள் உண்டு. அவற்றை எண்ணாக்கும் உறுப்போ ஒன்றே. ஐந்து வோல்ற்றை அது 1024 படிகளாகப் பகுக்கும்; ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ற்றாகும். தெரிவு ஆளி ஓர் உள்ளீட்டைச் சிறு கொள்ளளவியுடன் இணைக்கும். அதில் நிறைந்த மின்னேற்றமே அளக்கப்படும். உள்ளீட்டின் தடை 10,000 ஓமிற்கு மிகுமாயின் கொள்ளளவி உரிய பொழுதில் நிறையாது; முன்னர் அளந்த உள்ளீட்டின் எச்சம் அதில் தங்கிவிடும். தோணிப் பலகையிற் காதைப் பொருத்தாது கேட்பது போன்றதே இக்குறை.

பலமுறை அளந்து சராசரி காண்பதே இதற்கு மருந்தெனக் கருதுவாருளர். சராசரி தற்செயலான இரைச்சலைக் குறைக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் விழும் எச்சப் பிழையை நீக்காது. உள்ளீடு மாறியவுடன் கிடைக்கும் முதல் அளவைத் தள்ளி அடுத்ததைக் கொள்ளல், உயர்தடை உணரிக்கும் சில்லுக்கும் இடையே இடைத்தாங்கி அமைத்தல் என்பன உரிய பரிகாரங்களாம். ஒப்பீட்டு மின்னழுத்தம் தளம்பினால் எல்லா அளவுகளும் ஒருங்கே பிறழுமாதலின் அதனையும் நிலையாகப் பேணல் வேண்டும்.

இந்நுணுக்கம் மட்டக்களப்பிற்கு வேண்டுவதேயாகும். வாவி பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் கடலொடு கூடும். வறட்சியில் மணற்றிடர் வாயை அடைக்கும். வடகீழ்ப் பருவமழையில் வெள்ளம் பெருகும்போது அது வெட்டப்படும். வெட்டுதல் பிந்தினால் வயல் மூழ்கும். முந்தினால் உவர்நீர் உட்புகும், மீன்வளமும் தாக்குறும். உழவரும் மீனவரும் வேறுவேறு நலன் வேண்டி நிற்கும் இவ்விடத்து நீர்மட்டம், உவர்ப்பு, வெப்பநிலை என்னும் மூன்றையும் ஒருங்கறிதல் நன்று. உவர்ப்பை மின்கடத்துதிறனால் அளப்பர். அதுவோ வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு வீதம் கூடும். ஆகவே வெப்பமானியின் எச்சம் உவர்ப்பின் அளவையும் கெடுக்கும். ஒரே நீரில் தோய்ந்த உணரிகளும் நீர்வழியே ஒன்றையொன்று தாக்குமாதலின், அவற்றிற்கு முறைவைத்து மின்னூட்டல் வேண்டும்.

தெனன்றின் செவி பல ஒலிகளை ஒரே பொழுதிற் பிரித்தறிந்தது. கருவிக்கு அவ்வாற்றல் இல்லை. ஒவ்வொன்றிற்கும் உரிய பொழுது கொடுத்தே அஃது உண்மை காணும். அப்பொழுதைக் குறைத்துப் பெற்ற எண்ணை நம்பி முகத்துவாரத்தை வெட்டுவோர், வாவி கூறாத ஒன்றைக் கேட்டோராவர்.