பொமரோல் முதிர் ஒயின்

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில், தோர்தோன் ஆற்றின் வலக்கரையில் லிபூர்ன் நகரை ஒட்டிய சிறு பகுதி பொமரோல். திராட்சைத் தோட்டங்களின் பரப்பு ஏறத்தாழ 800 ஹெக்டேர். இங்குள்ள ஈரக் களிமண்ணில், விரைவில் பழுக்கும் மெர்லோ திராட்சை செழித்து வளர்கிறது. ஒயினில் அதனுடன் பெரும்பாலும் சிறிதளவு கபெர்னே பிரான் திராட்சையும் சேர்ப்பார்கள். இங்குள்ள புகழ்பெற்ற பெட்ரூஸ் ஒயின் ஏறக்குறைய முழுவதும் மெர்லோவே.

நல்ல ஆண்டின் ஒயின் இருபது, முப்பது ஆண்டுகள் தாங்கும். துவர்ப்பூட்டும் டானின்களும் நிறமிகளும் பிணைந்து வண்டலாகப் படிவதால் நாவுக்கு மென்மை கூடுகிறது. கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் செங்கல் நிறம் தெரியும். பிளம் பழ மணம் அடங்கி, உலர்பழம், பதனிட்ட தோல், புகையிலை, ஈர மண், ட்ரஃபிள் காளான் ஆகியவற்றின் மணங்கள் மேலெழும். இந்த மாற்றத்துக்காகவே இத்தனை ஆண்டுக் காத்திருப்பு.

படுக்கவைத்த புட்டியை, பரிமாறுவதற்கு ஒரு நாளாவது முன்பே நிமிர்த்திவைக்க வேண்டும். பழைய தக்கை எளிதில் உதிரும், அவசரம் கூடாது. கழுத்துக்குப் பின்னே விளக்கை வைத்து, ஒரே சாய்வில் மெல்ல வடிகுடுவைக்கு மாற்றி, வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். பரிமாற 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் ஏற்றது. ‘அறை வெப்பநிலை’ என்ற பழைய அறிவுரை குளிர்ந்த ஐரோப்பிய வீடுகளுக்கானது. வெப்ப நாட்டில் அதைப் பின்பற்றினால் சாராய நெடியே முந்தும். இளம் ஒயினைப்போல் மணிக்கணக்கில் காற்றாட விடுவது பெருந்தவறு. முதிர்ந்த ஒயினின் நுண்மணங்கள் விரைவில் மங்கிவிடும் என்பதால், வடித்த உடனேயே பரிமாறுவதே முறை.