சர்ப்பகந்தா வேரும் மனச்சோர்வு மாத்திரையும்: ஒரு சின்ன வரலாறு

"மாத்திரை வேண்டாம் டாக்டர், மூலிகையில ஏதாவது இருக்கா?"

உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து மதுரைக்கு மனச்சோர்வோடு வருபவர்களில் பலர் இதைக் கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா மூலிகை ஒரு கட்சி, மாத்திரை எதிர்க்கட்சி என்று நினைச்சுக்கிட்டு கேட்கிறாங்க. வரலாறு அப்படி இல்லீங்க.

சர்ப்பகந்தா வேர், நம் நாட்டில் சித்தம் கலங்கியவர்களுக்கும் தூக்கம் வராதவர்களுக்கும் தலைமுறைகளாகக் கொடுத்து வந்தது. 1931-ல் கல்கத்தாவின் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இது மனநோய்க்கும் ரத்தக்கொதிப்புக்கும் கேட்கிறது என்று எழுதினார்கள். வெளிநாட்டில் யாரும் கண்டுக்கல. 1949-ல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார்கள். 1952-ல் சுவிஸ் கம்பெனி சிபா இந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது.

அப்புறம்தான் கதையே. பிரஷருக்கு அதிக அளவில் ரெசர்பின் சாப்பிட்ட சிலர் மனச்சோர்வில் விழுந்ததாக 1954-ல் அமெரிக்க டாக்டர் எட்வர்ட் ஃப்ரைஸ் எழுதினார். மூளையில் செரட்டோனின் இருப்பை இந்த மருந்து காலி செய்வதும் அடுத்து தெரிய வந்தது. அப்போ அது குறைஞ்சாத்தான் சோர்வு வருதா? இன்றைய ஃப்ளூஆக்ஸெடின் வகை மாத்திரைகளுக்கு வழிவிட்ட கேள்விகளில் இதுவும் ஒன்று. ஆமாங்க, நம்ம ஊர் வேர்!

கூத்து என்னன்னா, 1955-ல் லண்டனில் டேவிஸும் ஷெப்பர்டும் அதே ரெசர்பினை, பதற்றமும் சோர்வும் உள்ளவர்களுக்குக் கொடுத்து வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். அங்கே அது நல்லதுதான் செய்தது. ஒரே வேர், ரெண்டு பேச்சு. இதனால்தான் 'எனக்குக் கேட்டுச்சு' என்பதை மட்டும் வைத்து நாங்க முடிவு சொல்றதில்லை.

அப்படி ஒப்பிட்டு, நிறையத் தேறிய மூலிகை ஒன்று உண்டு: ஐரோப்பாவின் செயின்ட் ஜான்ஸ் வோர்ட். 2008 காக்ரேன் தொகுப்பில் 29 ஆய்வுகள், சுமார் 5,500 பேர். மனச்சோர்வு மாத்திரைகளுக்குச் சமமான பலன், பக்கவிளைவு குறைவு. உடனே ஆர்டர் போட்டுடாதீங்க! கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், எச்ஐவி மருந்து, சிறுநீரகம் மாற்றியவர்களின் சைக்ளோஸ்போரின் எல்லாவற்றின் வீரியத்தையும் அது குறைக்கும். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் செரட்டோனின் எகிறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கொடைக்கானல் பக்கம் மஞ்சளாகப் பூக்கும் அதன் பங்காளிச் செடி வேறு. அந்த ஆய்வுகள் இதற்குப் பொருந்தாது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் அமுக்கராவுக்குச் சின்னச் சின்ன ஆய்வுகள் இருக்கு. மாத்திரையோடு இந்த அளவுக்கு மோதிப் பார்த்தது கிடையாது.

லேசான மனச்சோர்வுக்கு மாத்திரைதான் முதல் வழி என்று நாங்களும் சொல்றதில்லை. மனநல ஆலோசனை, உடற்பயிற்சி, தூக்கத்தைச் சரிசெய்வது இவற்றிலேயே பலர் தேறுவாங்க. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் மட்டும், சூரணம் கிடைச்சிருச்சுன்னு திடீர்னு நிறுத்தாதீங்க. சூரணம் சாப்பிட்டா டாக்டர்கிட்ட மறைக்காதீங்க, நாங்க திட்ட மாட்டோம். செத்துடலாம்னு எண்ணம் வந்தா அது லேசான சோர்வு இல்லை. அன்றைக்கே 14416-க்கு போன் பண்ணுங்க. டெலிமானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம்.