ஈடு

கண்டியில் காணியை வைத்துக் கடன் வாங்கினால், பிரசித்த நொத்தாரிசு எழுதித் தருவது ஈட்டு உறுதி. வழக்காடிப் பெறுவதோ நட்டஈடு. இரண்டுக்கும் வேர் ‘இடு’. கெடு கேடானதுபோல முதலெழுத்து நீண்டு ஈடானது. ஒன்றின் இடத்தில் இன்னொன்றை இடுவது. சிதைந்த குழந்தைப்பருவத்தின் இடத்தில் எதை இடுவது?

அமெரிக்காவில், தேவாலயங்களிலும் விடுதிகளிலும் சிறுவயதில் துன்புறுத்தப்பட்டோர் சிலர் நட்டஈட்டு வழக்கு முடியுமுன்பே, வழக்கை நம்பிப் பணம் தரும் நிறுவனங்களிடம் முற்பணம் வாங்குகிறார்கள். தோற்றால் பொதுவாகத் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. வென்றால் அந்நிறுவனங்களின் கட்டணம் பெரும்பங்கை விழுங்கிவிடலாம். நட்டஈட்டையே ஈடு வைப்பது இது. இல்லாதவரின் அவசரத்தில் இலாபம் பார்ப்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.

இங்கே இலங்கையில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரின் உரிமைகளைச் சொல்கிறது. எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடுமுன் கண்டியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.