சுழல்வட்டு ஆய்வகம்

சுழல்வட்டு ஆய்வகம் என்பது மயிரிழை போன்ற குழல்கள் கொண்ட வட்டைச் சுழற்றி, மையவிலக்கு விசையால் குருதி, சிறுநீர் முதலிய நீர்மங்களை நகர்த்திச் சோதிக்கும் முறை ஆகும். சுழலும் ஈரக்குடை நீரை வெளியே வீசுவதும் இவ்விசையால்தான்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1960களின் இறுதியில் நார்மன் ஆண்டர்சன் அமைத்த சுழல் பகுப்பாய்வி இதன் முன்னோடி. பின்னர் குறுந்தகடு வடிவ வட்டுகள் வந்தன. ஆனால் அவற்றைச் சுழற்ற மோட்டார் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இம்முறை வந்தது விளையாட்டுப் பொருளின் உருவில். சிறுநீர்த் தொற்றை உறுதிசெய்யும் வளர்ப்புச் சோதனைக்குச் சில நாட்கள் ஆகும். அதுவரை மருந்து ஊகத்தில்தான் தரப்படுகிறது. வெயிலில் நீர் குறைவாகக் குடித்து, சிறுநீரை அடக்கி உழைப்போரை இத்தொற்று எளிதில் பற்றும். மரக்காணம் உப்பளங்களை அடுத்த சிற்றூர்களில் இது சிறிய செய்தியன்று.

தென்கொரியாவின் உல்சானில் யூன்-கியோங் சோ குழுவினர் விரலால் சுழற்றும் 'ஃபிட்ஜெட் ஸ்பின்னர்' வடிவில் ஒரு கருவி செய்தனர். வடிகட்டிச் சவ்வின் அடியில் முன்கூட்டியே நீர்மத்தை நிரப்பியதே இதன் நுட்பம். இதனால் சவ்வு முழுவதும் சீராக வடிகட்டுகிறது. விரல் விசையே போதுகிறது. 1 மில்லிலிட்டர் சிறுநீரிலுள்ள பாக்டீரியாக்கள் 100 மடங்குக்கு மேல் செறிவடைகின்றன. பின்னர் சேர்க்கும் சாயம் நிறம் மாறித் தொற்றைக் காட்டும்.

திருச்சிராப்பள்ளியில் 39 நோயாளிகளின் சிறுநீரில் இதைச் சோதித்தனர். 50 நிமிடத்துக்குள் முடிவு வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. ஆய்வு 2020இல் வெளியானது. சிப்ரோஃபிளாக்சசின், செஃபாசோலின் மருந்துகளுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் 30 மாதிரிகளில் 120 நிமிடத்துக்குள் பார்த்தனர்.