தார் ரோடா, மண் பாதையா... ஜவ்வாது மலையில் ஓடினால் முட்டிக்கு எது சிக்கல்?

"தார் ரோட்ல ஓடாதே, முட்டி தேஞ்சுரும்!" காலையில் ஷூ மாட்டிக் கிளம்புகிற யாருக்கும் வீட்டில் கிடைக்கும் முதல் அட்வைஸ் இதுதான். இதை நம்பி, வார இறுதியில் மண் பாதை தேடி மலைப்பக்கம் வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு.

கிழக்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் ஜவ்வாது மலையில் எல்லா வகைத் தரையும் கிடைக்கும். ஜமுனாமரத்தூருக்கு ஏறும் தார்ச் சாலை, சாமை விளையும் நிலங்களை ஒட்டிய மண் தடம், கல் கிடக்கும் காட்டுப் பாதை. இதில் முட்டியைப் பதம் பார்ப்பது எது? தார் இல்லை, இறக்கம்!

தரை மாறினால் கால் என்ன செய்யும்?

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல 2 முதல் 3 மடங்கு விசை காலில் இறங்கும். தரை கடினமாக இருந்தால் இது பல மடங்கு கூடும் என்பதுதான் பலரின் பயம்.

ஆனால் கால் ஒரு ஸ்பிரிங் மாதிரி. கடினமான தரையில் கொஞ்சம் அதிகமாக மடங்கும். மெத்தென்ற தரையில் விறைத்துக்கொள்ளும். புதிய தரையில் வைக்கும் முதல் அடியிலேயே இந்த மாற்றம் நடந்துவிடுவதாக 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அதனால் தாருக்கும் மண்ணுக்கும் முட்டி உணரும் வித்தியாசம் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

சரி, ஓடினாலே முட்டி தேயுமா? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2017 அலசலில், மூட்டுத் தேய்மானம் இருந்தது பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5% பேருக்கு. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2%. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3%. ஓடியதால்தான் தேய்மானம் குறைந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வீட்டு அட்வைஸுக்கு இது நல்ல பதில்.

இறக்கத்தில்தான் விஷயம்

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போது ஒவ்வொரு அடியும் பிரேக். தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்க வேண்டும், முட்டிச் சில்லு அழுத்தப்படும். 9 டிகிரி சரிவில் இறங்கி ஓடினால், கால் பதியும்போது விழும் அதிர்ச்சி விசை சமதரையை விட 54% கூடுகிறது, பிரேக் விசை 73% கூடுகிறது என்கிறது 2005-ல் வந்த ஓர் ஆய்வு. பஸ் போகிற மலைச்சாலை பொதுவாக அவ்வளவு செங்குத்தாக இருக்காது. ஒத்தையடிப் பாதையில் இது சகஜம். 'மண் பாதைதானே, சேஃப்' என்று அதில் பாய்ந்து இறங்குகிறவருக்குத்தான் மறுநாள் படி இறங்கவே முடியாது.

மண் பாதைக்கு நல்ல பக்கமும் இருக்கு. ஒவ்வொரு அடியும் வேறு கோணத்தில் விழுவதால் ஒரே இடத்தில் சுமை சேராது. ஆனால் கணுக்கால் பிசகும் வாய்ப்பு அதிகம். அதுவும் விடியும் முன்பு ஓடினால் ஹெட்லைட் கட்டாயம். காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் அமைந்ததற்கு அங்குள்ள இருட்டும் ஒரு காரணம்னா பார்த்துக்கோங்க!

கடற்கரை மணல்? உலர்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைப் போல சுமார் 1.6 மடங்கு சக்தி செலவாகும். கெண்டைக்கால் தசைக்கும் குதிகால் நாணுக்கும் வேலை கூடும்.

என்ன செய்யலாம்?

இறக்கத்தில் எட்டி வைக்காமல், சின்னச் சின்ன அடியாக வேகமாக வைக்கலாம். நிமிடத்துக்கு வைக்கும் அடிகளை 5 முதல் 10% கூட்டினாலே முட்டியின் சுமை குறைகிறது. மழைநீர் வடிய ரோட்டின் ஓரம் சரிவாக இருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் மட்டும் பள்ளத்தில் இறங்கும். சென்னையில் சமதரையில் பழகியவர்கள் முதல் நாளே முழு இறக்கத்தையும் ஓட வேண்டாம். பாதி ஓட்டம், பாதி நடை போதும்.

முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ, நடக்கும்போதே வலித்தாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.