பலாடே, ஜார்ஜ் எமில் (1912–2008)

உயிரணுவுக்குள் உருவாகும் புரதம் எந்தெந்த அறைகளைக் கடந்து வெளியே சுரக்கிறது என்ற வழித்தடத்தைக் கண்டுகாட்டிய ருமேனிய-அமெரிக்க உயிரணுவியலாளர். 1974ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை ஆல்பர்ட் கிளாட், கிறிஸ்டியன் டி டுவே ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

ருமேனியாவின் யாஷ் நகரில் 1912 நவம்பர் 19 அன்று பிறந்தார். தந்தை மெய்யியல் ஆசிரியர், தாயும் ஆசிரியை. புக்கரெஸ்ட்டில் மருத்துவம் படித்து 1940இல் பட்டம் பெற்றார். டால்பினின் சிறுநீரக நுண்குழல்தான் அவருடைய ஆய்வேட்டின் பொருள். கடலில் வாழப் பழகிவிட்ட ஒரு பாலூட்டியின் சிறுநீரகத்தில் அந்த வாழ்க்கையின் தடம் இருக்கிறதா என்று தேடினார். வடிவத்தைப் பார்த்தால் அதன் வேலை என்ன என்று கேட்கும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

1946இல் நியூயார்க் சென்ற பலாடே, அதே ஆண்டில் கிளாட்டின் அழைப்பை ஏற்று ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் சேர்ந்தார். உயிரணுவை உடைத்து, வேகமாகச் சுழற்றி, உள்ளுறுப்புகளை எடைவாரியாகப் பிரிக்கும் முறை அங்கே உருவாகிக்கொண்டிருந்தது. உப்புக்கரைசலில் மைட்டோகாண்ட்ரியா உருக்குலைந்தது. 1948இல் ஹோஜ்பூம், ஷ்னைடர் ஆகியோருடன் சேர்ந்து, அடர்ந்த சர்க்கரைக் கரைசலில் அதை உருக்குலையாமல் பிரித்தெடுத்தார். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வேறு சிக்கல்: திசுவைப் பதப்படுத்தும் ஆஸ்மியம் உள்ளே ஊறுவதற்குள் திசு அமிலமாகிச் சிதைந்தது. அமிலம் ஏறாதபடி கலவையைத் திருத்தி 1952இல் வெளியிட்டார். ஆய்வகங்களில் அதற்குப் 'பலாடே ஊறுகாய்' என்றே பெயர். மைட்டோகாண்ட்ரியாவின் உள்மடிப்புகள் அதன் பிறகுதான் தெளிவாகத் தெரிந்தன. 1955இல் அவர் விவரித்த, புரதத்தை உருவாக்கும் சிறு துகள்களே பின்னாளில் ரைபோசோம் எனப் பெயர் பெற்றன.

பிற்காலப் பாராட்டுரைகள் பலவும் ஒரு செய்தியை விட்டுவிடுகின்றன. கமிலோ கோல்கி 1898இல் விவரித்த உயிரணு உள்ளுறுப்பு உண்மையில் இல்லை; பதப்படுத்தும்போது உண்டாகும் போலி வடிவமே அது என்று 1949இல் பலாடேயும் கிளாடும் எழுதினார்கள். அது தவறு. அந்தத் தவற்றை மறுக்கும் மிக வலுவான சான்றுகளுள் ஒன்று பின்னர் பலாடேயின் ஆய்வகத்திலிருந்தே வந்தது என்பதை அவருடைய பெருமைகளில் ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

அந்தச் சான்று கினிப்பன்றியின் கணையத்தில் கிடைத்தது. செரிமான நொதிகளை ஓயாமல் செய்து வெளியே அனுப்பும் அந்தச் சுரப்பி, சுரப்பை ஆராய ஏற்ற இடம். ஜேம்ஸ் ஜேமீசனுடன் நடத்தி 1967இல் வெளியிட்ட ஆய்வில், கணையத்தின் மெல்லிய சீவல்களை, புரதம் உருவாகத் தேவையான லூசின் என்ற அமினோ அமிலத்தின் கதிரியக்க வடிவில் 3 நிமிடம் மட்டும் வைத்தார்கள். பிறகு சாதாரண லூசினுக்கு மாற்றினார்கள். அந்த 3 நிமிடத்தில் உருவான புரதத்துக்கு மட்டும் கதிரியக்க அடையாளம் விழுந்தது. வெவ்வேறு நேரங்களில் எடுத்த சீவல்களை மிக மெல்லியதாகச் சீவி, மேலே ஒளிப்படப் பசையைப் பூசி, இருட்டில் வைத்தார்கள். கதிர் பட்ட இடத்தில் கரிய வெள்ளி மணிகள் தோன்றின. 3ஆம் நிமிட முடிவில் மணிகளில் சுமார் 86 விழுக்காடு ரைபோசோம்கள் ஒட்டிய எண்டோபிளாச வலையின் மேல் கிடந்தன. மேலும் 7 நிமிடம் கழித்து கோல்கி உறுப்பின் ஓரத்தில் கூடின. 37 நிமிடத்தில் அடர்ந்துவரும் பைகளுக்குள் வந்தன. 117 நிமிடத்தில் பாதிக்கு மேல் நொதிப்பொதிகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. இல்லாத உறுப்பு என்று ஒருகாலத்தில் அவரே சொன்னது, நடுவழியில் ஒரு நிலையமாக நின்றது.

அடுத்த கேள்வி, இந்தப் பயணத்தை எது நடத்துகிறது என்பது. 1968இல் இருவரும் புதுப் புரத உற்பத்தியை மருந்தால் நிறுத்திப் பார்த்தார்கள். முன்பே உருவான புரதம் தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது. ஆற்றல் தரும் உயிரணுச் சுவாசத்தைத் தடுத்தபோதோ அது எண்டோபிளாச வலையைத் தாண்டவில்லை. பின்னாலிருந்து வரும் புரதம் முன்னதைத் தள்ளவில்லை, உயிரணு ஆற்றலைச் செலவழித்தே அதை நகர்த்துகிறது என்று தெரிந்தது.

1973இல் யேல் பல்கலைக்கழகத்துக்கும், 1990இல் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் மாறினார். அவருடைய ஆய்வகத்தில் பயின்ற குண்டர் புளோபல், புரதம் வலைக்குள் நுழைவதற்கான முகவரி அதன் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருப்பதை நிறுவி 1999இல் நோபல் பெற்றார். புரதத்தைச் சுமந்து செல்லும் பைகளை ஓட்டும் மரபணுக்களையும் புரதங்களையும் கண்டறிந்த ஷெக்மன், ராத்மன், சூட்ஹோஃப் ஆகிய மூவருக்கும் 2013இல் அப்பரிசு கிடைத்தது. பலாடே 2008 அக்டோபரில், 95ஆம் வயதில் காலமாகியிருந்தார்.

1964இல் எவால்ட் வைபலுடன் சேர்ந்து, இரத்தக்குழாய்களின் உட்சுவர் உயிரணுக்களில் நீண்ட கோல் போன்ற பொதிகளைப் பார்த்து விவரித்திருந்தார். அவை எதற்கு என்று அப்போது தெரியவில்லை. இரத்தம் உறைய உதவும் புரதம் ஒன்று அவற்றில் சேமிக்கப்பட்டு, காயம் படும்போது வெளியே சுரக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. வைபல்-பலாடே பொதிகள் என்பது அவற்றின் பெயர்.